ஒளித்து வைத்த மலை



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ் புசல்லாவையைத் தாண்டி இறம்பொடையை அண்மிக்கும்போது, தூங்கி வந்தவர்கள்கூட விழித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். மேலே 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சி. இடையில், மலைச்சரிவில், 1999இல் சின்மயா மிஷன் எழுப்பிய ஆஞ்சநேயர் ஆலயம். சீதையைத் தேடி வந்த அனுமன் இளைப்பாறிய இடம் இது என்கிறார்கள் வழிகாட்டிகள். வருகிறவர்களுக்கு அந்த ஒரு கதையே போதுமாக இருக்கிறது. படம் எடுக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கொத்மலையின் மற்றக் கதைகளுக்கு இந்த அவசரம் ஒத்துவராது. அவை பெரும்பாலும் ஒளித்து வைக்கப்பட்டவற்றின் கதைகள்.

தந்தை காக்கவண்ணதீசனோடு பிணங்கிய இளவரசன் துட்டகைமுனு மலைநாட்டுக்கு ஓடினான் என்று மகாவம்சம் சொல்கிறது. அவன் வந்து மறைந்திருந்தது கொத்மலையில்தான் என்பது இப்பகுதிச் சிங்கள மக்களின் மரபு. மலைநாட்டை அந்த நூல் ‘மலய’ என்று அழைக்கிறது. நாம் மலையகம் என்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காதுக்கு வேறுபாடு அதிகமில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த சம்பவம். 1215ஆம் ஆண்டு கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் படையில் கேரளரும் தமிழரும் இருந்தனர். விகாரைகள் சூறையாடப்பட்டபோது, வாசிஸ்ஸர தேரர் முதலான பிக்குகள் புத்தரின் புனித தந்ததாதுவையும் பிட்சாபாத்திரத்தையும் எடுத்து வந்து கொத்மலைப் பகுதியில் மறைத்து வைத்தனர். புசுல்பிட்டிய விகாரையில் தந்ததாது இருந்ததென்று உள்ளூரில் இன்றும் சொல்வார்கள். சரி, தாதுக்களை ஒளித்தாயிற்று. ஒளித்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களில் சிலர் கடல் கடந்து பாண்டிய, சோழ நாடுகளுக்குப் போனார்கள் என்று சூளவம்சமே எழுதியிருக்கிறது. தமிழ்ச் சிப்பாய்களும் இருந்த படைக்கு அஞ்சியவர்கள் தமிழ்நாட்டில் அடைக்கலம் தேடினார்கள்! பின்னர் தம்பதெனியாவில் ஆட்சியமைத்த மூன்றாம் விஜயபாகு (1232–1236) அவர்களைத் திருப்பி அழைத்தான். கொத்மலையிலிருந்து தாதுக்களும் வெளியே வந்தன. மேடைகளில் மாகனின் கொடுமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடல் கடந்து காப்பாற்றப்பட்டது இது ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் பிக்குகளின் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்த காலத்தில், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாம் தேசத்துத் தலைநகரான அயுத்தயாவிலிருந்து துறவிகளை அழைப்பித்தான். 1753இல் உபாலி தேரர் கண்டியில் உபசம்பதா அளித்தார். அழைத்த மன்னனோ மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் வழியில் வந்தவன். பதினான்கே ஆண்டுகளில், 1767இல், பர்மியப் படைகள் அயுத்தயாவை எரித்து அழித்தன. இன்று தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே தலையற்ற புத்தர் சிலைகளையும் கரிய செங்கல் கோபுரங்களையும் பார்த்து வருகிறார்கள். அந்த நகரத்துத் துறவு மரபின் ஒரு கிளை சியாம் நிக்காய என்ற பெயரில் நம் கண்டியில் தழைத்திருப்பதை அவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

அயுத்தயாவை அழித்தது போர். கொத்மலையின் கோயில்களை மூடியது அபிவிருத்தி. துரித மகாவலித் திட்டத்தின் கீழ், சுவீடன் நாட்டு உதவியுடன், 1979இல் தொடங்கிய அணை 1985இல் நிறைவுற்றது. உயரம் 87 மீற்றர், நீளம் 600 மீற்றர். தேங்கும் நீர் 17 கோடி 40 இலட்சம் கன மீற்றர். மின்னுற்பத்தித் திறன் 201 மெகாவாட். இந்தக் கணக்கெல்லாம் எளிதாகக் கிடைக்கிறது. படிப்படியாய் இறங்கிய பழைய வயல்களுக்கும், ஊர்களுக்கும், விகாரைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு நம் நாவில் நிற்பதில்லை. கோடை கடுமையாகி நீர் வற்றும் ஆண்டுகளில் கடதொர விகாரையின் சிதைந்த சுவர்களும் புத்தர் சிலையும் சேற்றிலிருந்து எழும்பும். அப்போது சனம் திரண்டு போகிறது. பூ வைப்பவர்களும் உண்டு. தங்கள் பழைய வீடு எந்தப் பக்கம் என்று கைநீட்டிக் காட்டுபவர்களும் உண்டு. மூழ்கிய விகாரைகளின் நினைவாக அணைக்கு அருகே 1983இல் தொடங்கிய மகாசேயா 2016இல்தான் திறந்து வைக்கப்பட்டது. வெண்ணிறமாய், வெகுதூரத்துக்குத் தெரிகிறது. அழகுதான். எனக்கென்னவோ சேற்றில் நிற்கும் அந்தச் சிறிய விகாரைதான் அதிகம் பேசுகிறது.

மஸ்கெலியாவிலும் இதே காட்சி உண்டு. 1969இல் மவுஸாக்கலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் அங்கே கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒன்றாகவே வெளியே வருகின்றன. மூழ்கும்போது யாரும் யாரையும் முந்தவில்லை.

கொத்மலையில் வயலை இழந்தவர்களுக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டன: மகாவலியின் கீழ்ப்புறத்தில் வயல், அல்லது இங்கேயே மேட்டில் தேயிலைக் காணி. பிறந்த மண்ணை விட்டவர்களின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேட்டைக் காடு வெட்டித் தேயிலை நிலமாக்கியவர்களின் பிள்ளைகள் லயத்து அறைகளில் காணி உறுதி இல்லாமலே இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புசல்லாவை றொத்சைல்ட் தோட்டத்தில் வேர்ம்ஸ் சகோதரர்கள் 1841இலேயே சீனத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்தனர்; ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் பயிரிடுவதற்கு முன்பே. அன்று கோப்பிதான் ராசா. 1869இல் இலைநோய் வந்து கோப்பி வீழ்ந்த பிறகே தேயிலைக்குக் காலம் பிறந்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த நம்மவர்கள் இரண்டு பயிருக்கும் உழைத்தார்கள். வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று, ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டதுதான்.

பூண்டுலோயா, இறம்பொடை, லபுக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் அத்தகைய கோயில்கள் டிவிசனுக்கு ஒன்றாவது இருக்கும். சுற்றுலாக் கையேடுகளில் அவற்றுக்கு இடமில்லை. கல்வெட்டு இல்லை, ஆண்டு இல்லை, கட்டியவர் பெயர் இல்லை. மாசியில் காமன் கம்பம் ஊன்றும் இடம் எதுவென்று தோட்டத்துக்குள் மட்டும் தெரியும். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் அவை பிழைத்தன. கோயில்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தகரக் கூரையைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீற்றில் புதுக்கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய சூலங்களும் மணியும் ஒரு சாக்கின் மேல் கிடந்தன. எழுபது வயதைத் தாண்டிய பூசாரியிடம், “ஐயா, இந்தக் கோயில் எந்த வருசம் கட்டினது?” என்று கேட்டேன்.

“வருசமெல்லாம் தெரியாது தம்பி. எங்க பாட்டன், அவரோட அப்பன், எல்லாரும் இங்கதான் பூசை வச்சது. ஆனா இது ரெண்டாவது கோயிலாம். மொதக் கோயிலு கோப்பிக் காலத்துல அந்தா அந்த மலைக்குள்ள இருந்திச்சின்னு சொல்லுவாங்க.”

“எந்த இடத்தில்?”

அவர் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தேயிலை நிரை நிரையாக உச்சிவரை ஏறியிருந்தது.

“அது பாட்டனுக்கே தெரியாது.”