கூற்று மாறிய பாடல்

1928 டிசம்பர் 12 அன்று சிகாகோவில் ஓக்கே நிறுவனத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி’யைப் பதிவுசெய்தபோது அது புதிய பாடல் அன்று. முந்தைய ஆண்டே ஃபெஸ் வில்லியம்ஸின் குழு அதைக் ‘கேம்ப்ளர்ஸ் ப்ளூஸ்’ என்னும் பெயரில் இசைத்தட்டாக்கியிருந்தது. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அதே 1927இல் ‘தி அமெரிக்கன் சாங்பேக்’ என்னும் தொகுப்பில் அதன் இரு வடிவங்களை அச்சேற்றியிருந்தார். ஆயினும் இன்று உலகம் அறிந்த பாடல் ஆம்ஸ்ட்ராங்கின் தட்டில்தான் பிறந்தது என்பேன். அவருடைய ட்ரம்பெட்டைப் போலவே, அவர் பாடாமல் விட்ட அடிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய வடிவம் மதுக்கடையில் தொடங்கும். கண் சிவந்த ஒருவன் உடன் குடிப்பவர்களிடம் தன் கதையைச் சொல்வான்: மருத்துவமனைக்குப் போனேன், என்னவள் மேசைமேல் உயிரற்றுக் கிடந்தாள் என்று. அவன் பேச்சு இன்னொருவர் வாய்வழியாகவே நம்மை எட்டும். அகப்பாடலைப் படிக்கும்போது ‘யார் கூற்று?’ என்று முதலில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு இங்கே இரண்டு விடை. ஆம்ஸ்ட்ராங் மதுக்கடையையே நீக்கிவிட்டார். எர்ல் ஹைன்ஸின் பியானோவும் டான் ரெட்மனின் சாக்ஸபோனும் உடன்வர, அவர் வாய் திறந்ததுமே நாம் மருத்துவமனைக்குள் நிற்கிறோம். அடுத்து வரும் திருப்பம் வியப்பானது. காதலியின் பிணத்தின் முன் நிற்பவன் தன் சாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான்: எந்தக் காலணி, எந்தத் தொப்பி, கடிகாரச் சங்கிலியில் எத்தனை டாலர்த் தங்க நாணயம் என்று. மதுக்கடையில் இதைக் கேட்டால் சூதாடியின் வீம்பு. கடை மறைந்தபின் அதே சொற்கள், அவளோடு தானும் செத்துவிட்டதாக உணர்பவனின் புலம்பலாகிவிடுகின்றன.

மூன்று நிமிடத் தட்டில் இடமில்லாததால் வெட்டியிருப்பார், இதில் கலை எங்கே என்று கேட்கலாம். இடம்தான் தடை என்றால் கருவியிசையைக் குறைத்திருக்கலாம். அதற்கோ தட்டில் தாராளமாக இடம் தரப்பட்டிருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொல் ஒரு பொருட்டா என்ற கேள்வி இதைவிட வலுவானது. அதே ஆண்டு ஜூனில் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ பதிவில் அவர் சொல்லே இல்லாமல் பாடியவர். அப்படிப் பாடத் தெரிந்தவர் இங்கே சொற்களைத் தெளிவாகப் பாடுகிறார் என்பதையே நான் சான்றாகக் கொள்கிறேன்.  

‘தி அன்ஃபார்ச்சுனேட் ரேக்’ என்னும் பழைய பிரிட்டிஷ் பாடலின் வழித்தோன்றலே இது, ஆம்ஸ்ட்ராங் புதிதாக எதுவும் செய்யவில்லை என்ற வாதமும் உண்டு. இறுதிச் சடங்குக் கட்டளை இரண்டிலும் வருவது உண்மைதான். ஆனால் அங்கே கட்டளையிடுபவன் சாகப்போகிறவன். இங்கே இறந்தவள் வேறு, பேசுபவன் வேறு. அந்த இடைவெளிதான் இப்பாடலின் உயிர். பாடலைத் தமதென்றவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இர்விங் மில்ஸ் ‘ஜோ பிரிம்ரோஸ்’ என்னும் புனைபெயரில் உரிமை கொண்டாடினார். 1930களில் நியூயார்க் நீதிமன்றம் வரை போன சண்டை பாடலின் தலைப்பைப் பற்றியது. பாடகர்களின் காதுக்கோ அந்த இடைவெளி எட்டியிருந்தது. 1930இல் கேப் காலோவே பதிவுசெய்த வடிவமும் நேரே மருத்துவமனைக்கே போகிறது. 1933இல் பெட்டி பூப்பின் ‘ஸ்னோ ஒயிட்’ கேலிச்சித்திரப் படத்தில் அவர் அதையே பாடினார். அங்கும் மதுக்கடை இல்லை.