முத்துக்குளிப்பும் மூளைத்தண்டைச் சூழ்ந்த திரவமும்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை மையமாகக் கொண்டு அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அதுவரை குளியாளிகள் கல் கட்டிய கயிற்றின் துணையோடு 5 முதல் 10 பாகம் ஆழமுள்ள பார்களில் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி சேர்த்தனர். அவர்கள் கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். மேலே வரவேண்டிய நேரத்தை அவர்களுக்கு உணர்த்தியது மூச்சுமுட்டல்.

இவ்வுணர்வைத் தூண்டுவதில் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திற்குப் பெரும் பங்குண்டு. மூளையை வெளியிலிருந்து உள்நோக்கி டியூராமேட்டர், அரக்னாய்டு, பயாமேட்டர் என 3 உறைகள் மூடியுள்ளன. பின்னிரு உறைகளுக்கு இடையே மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்துள்ளது. மூளைத்தண்டைச் சுற்றி இவ்விடைவெளி அகன்று, தொட்டிகள்போல் அமைந்துள்ளது. மூச்சை அடக்கும்போது இரத்தத்தில் மிகும் கார்பன் டை ஆக்சைடு எளிதில் இத்திரவத்திற்குள் புகுந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது.

1963-இல் மிட்செல், லோஷ்கே, செவரிங்ஹாஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இம்மாற்றத்தை உணரும் பகுதிகள் முகுளத்தின் முன்பரப்பில், திரவத்தை ஒட்டியே இருப்பதைப் பூனைகளில் காட்டியது. முத்துக்குளிப்பு நின்று அப்போது 2 ஆண்டுகளே ஆகியிருந்தன.

மூச்சடக்கி மூழ்குவோருக்குள்ள ஓர் ஆபத்தும் இதிலிருந்து விளங்கும். மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறையும். ஆக்சிஜன் இருப்போ அவ்வளவாகக் கூடாது. எனவே மூச்சுமுட்டல் தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பலாம். நினைவு தப்பியவரால் கயிற்றை அசைக்க இயலாது. அந்நிலையில், கயிறு பிடித்தவரின் கவனமே குளியாளியின் உயிரைக் காக்கும்.