பல்லேறிய பீங்கான்

ஊறுகாய் ஜாடிக்கும் நடிகரின் பளிச்சென்ற சிரிப்புக்கும் ஒரு ரத்த சம்பந்தம் உண்டு. இரண்டும் சூட்டில் வெந்த பீங்கான். ஜாடியில் களிமண் அதிகம். முன்பல்லில் ஒட்டும் வெனீரில் ஃபெல்ஸ்பார் பாறைத் தூளும் குவார்ட்ஸும் அதிகம்; அதனால்தான் நிஜப் பல்போல ஒளியை உள்ளே விடுகிறது.

வெனீர் என்ற இந்தப் பல்முகப்புத் தகட்டின் பிறந்த வீடு ஹாலிவுட். 1920களின் இறுதியில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், க்ளோஸ்-அப் காட்சிகளுக்காக நடிகர்களுக்கு மெல்லிய தகடுகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பற்கள் விழுந்த இடத்தை மறைத்ததும் அவர் கைவேலைதான். ஆனால் ஒட்டியது பல்செட்டை ஒட்டும் தூளால். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

நிலையாக ஒட்டும் வழி 1955-இல் திறந்தது. உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்த பல் ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர், அதையே பல்லின் மேலுறையான எனாமலில் தடவினார். எனாமலில் நுண்குழிகள் விழ, ரெசின் பசை அவற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் பீங்கானின் உட்புறத்தையும் இப்படியே சொரசொரப்பாக்கினார்கள். வேஷத்துக்கு வந்த தகடு வாயிலேயே குடியேறியது.

இன்று அதன் பயணம் டாக்டரின் நாற்காலியில் தொடங்குகிறது. பல்லின் முகப்பைச் சுமார் அரை மில்லிமீட்டர் சீவி, அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார். அங்கே பீங்கான் தூளைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசிச் சுடுவார்கள். அல்லது லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் கட்டியை இயந்திரத்தில் கடைந்தெடுப்பார்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே தேர்ந்துகொள்ளுங்கள். உலர்ந்த பல் வெளுப்பாகக் காட்டும். மற்ற பற்களை வெள்ளையாக்க நினைத்தால் முதலிலேயே செய்துவிடுங்கள். பீங்கான் பிறகு வெளுக்காது.

சொத்தையும் ஈறு வீக்கமும் இருந்தால் முதலில் அவற்றுக்குத்தான் வைத்தியம். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு நைட் கார்டு என்ற பல்லுறை தேவைப்படும்.

பீங்கானுக்குச் சொத்தை வராது; அதன் ஓரத்தில் இருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். ஆகவே மென்மையான பிரஷ், சொரசொரப்பில்லாத பேஸ்ட், பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கரித்தூள், உப்பு கொண்டு தேய்க்க வேண்டாம். சோடா மூடி, நூல், நகம் எதையும் முன்பல்லால் கடிக்காதீர்கள். பொங்கல் கரும்பைத் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லலாம்.

நன்றாகப் பேணினால் பத்து, பதினைந்து வருடம் தாங்கும். பிறகு புதிது ஒட்ட வேண்டியிருக்கும். அப்போதும் அது உறுதியாகப் பற்றிக்கொள்வது எனாமலைத்தான். சீவிய எனாமலோ மறுபடி வளராது. எனவே நிறம், விலை விசாரிக்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "என் பல்லை எவ்வளவு சீவப்போகிறீர்கள்?"