முதல்நூலும் மெய்ப்பாடும்: பேட்மேன் திரைப்படங்கள் பற்றிய வாசகர் பூசல்களின் வரலாறு

முன்னுரை

ஒரு படைப்பு வேறொரு வடிவிற்குப் பெயரும்போது அது முதல்நூலுக்கு நேர்மையாக அமைந்துள்ளதா என்னும் வினா எழுவது இயல்பு. அமெரிக்கப் படக்கதைகளை அடியொற்றிய சூப்பர்ஹீரோ திரைப்படங்களைப் பொறுத்தவரை, இவ்வினாவை முதலில் எழுப்பியவர்கள் திறனாய்வாளர்கள் அல்லர்; படக்கதை வாசகர்களே. 1939இல் தோன்றிய பேட்மேன் என்னும் பாத்திரம் இவ்வகைப் பூசல்களுக்கு நெடுங்காலம் களமாக இருந்துவந்துள்ளது. அப்பூசல்களை வரலாற்று முறையில் நோக்கி, ‘மூலநேர்மை’ என்ற பெயரில் வாசகர்கள் உண்மையில் எதனைக் கோரினர் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்குத் தமிழ் இலக்கணக் கோட்பாடுகள் இரண்டு துணைசெய்கின்றன. ஒன்று, வழிநூல் பற்றியது. முதல்நூலின் முடிபோடு ஒத்திருத்தல், தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தல், மரபு அழியாது காத்தல் ஆகியவற்றை வழிநூலின் இயல்புகளாக நன்னூல் கூறுகிறது. இராவணன் சீதையைத் தீண்டாமல் நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் எனக் கம்பர் மாற்றிப் பாடியது இத்தகைய வேறுபாட்டிற்குத் தக்க சான்றாகும். மற்றொன்று, தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாகிய நகை, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. பேட்மேன் பற்றிய பூசல்களைப் பகுத்துணர இப்பாகுபாடு பெரிதும் பயன்படுகிறது.

முதல்நூல் எது?

பில் ஃபிங்கர் எழுத, பாப் கேன் வரைந்த பேட்மேனின் முதற்கதை டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் (மே 1939) ஆறு பக்கங்களில் வெளிவந்தது. அக்கதையில் பேட்மேனின் அடிபட்ட குற்றவாளி அமிலத் தொட்டியில் வீழ்ந்து இறக்கிறான். நாயகன் அதற்காக வருந்துவதில்லை. சிறுவயதில் பெற்றோர் கொலையுண்டதைக் கண்டவன் என்னும் பிறப்பு வரலாறு, அதே ஆண்டு நவம்பர் இதழில்தான் சேர்க்கப்பட்டது. தொடக்கக் கதைகள் சிலவற்றில் அவன் துப்பாக்கியும் ஏந்துகிறான். 1940இல் ராபின் என்னும் சிறுவன் துணைவனாக வந்தான். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் நாயகன் கொலைசெய்வதையும் துப்பாக்கி ஏந்துவதையும் விலக்கினார். இன்று மரபு எனக் கொள்ளப்படும் ‘கொல்லாமை’ முதற்கதையில் இல்லை என்பதும், பின்னர் வகுக்கப்பட்ட விதி என்பதும் இதனால் புலனாகின்றன.

1954இல் உளநோய் மருத்துவர் ஃப்ரெடெரிக் வெர்த்தாம் எழுதிய நூல், படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன எனக் குற்றஞ்சாட்டியது. பேட்மேன், ராபின் ஆகியோரின் இல்லச் சூழலை ஒருபாலுறவுக் கனவு என்றும் கூறியது. அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத்தாமே ஒழுக்க விதித்தொகுப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர். 1950களின் பிற்பகுதிக் கதைகளில் வேற்றுக்கோள் உயிர்களும் விந்தை உருமாற்றங்களும் மிகுந்தன. இருள் சூழ்ந்த குற்றக்கதை, சிறுவர் சாகசம், விண்வெளி விந்தை எனப் பல அடுக்குகள் ஒரே பெயரின் கீழ் அமைந்தன. தனியொரு ஆசிரியனும் முடிபும் இல்லாத, நாளும் வளரும் தொகுதியே இங்கு முதல்நூல். ‘முடிபு ஒத்தல்’ என்னும் அளவுகோலை இத்தகைய நூலில் பொருத்துதல் அரிது. பின்வந்த பூசல்களின் வேர் இதுவே.

எள்ளல் நகையும் வாசகர் மானமும்

பேட்மேன் முதன்முதலில் திரையேறியது 1943இல், 15 பகுதிகள் கொண்ட கொலம்பியா நிறுவனத்தின் தொடர்படத்தில். போர்க்கால வெறுப்பு மிக்க அப்படம் 1965இல் மீண்டும் திரையிடப்பட்டபோது, கல்லூரி மாணவர்கள் அதனைக் கேலிப்பொருளாகக் கண்டு சிரித்தனர். ஒரு தலைமுறை பெருமிதத்தோடு பார்த்தது அடுத்த தலைமுறைக்கு நகைப்புக்குரியதாயிற்று.

1966 சனவரி 12இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1968 மார்ச்சு வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர், இந்நகைப்பைத் திட்டமிட்டே கையாண்டது. தயாரிப்பாளர் வில்லியம் டோசியர், நடிகர்கள் சிறிதும் சிரிக்காமல் முழு அழுத்தத்துடன் நடிக்க வேண்டும் என விரும்பினார். ஏடம் வெஸ்ட் அவ்வாறே நடித்தார். சிறுவர் அதனைச் சாகசமாகக் கண்டனர். பெரியோர் கேலியாகக் கண்டனர். ஒரே காட்சி ஒருவரிடத்துப் பெருமிதத்தையும் மற்றவரிடத்து எள்ளல் நகையையும் தோற்றுவித்தது.

இத்தொடரின் பல கதைகள் படக்கதைகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவை என்பது கருதத்தக்கது. ரிட்லர் இடம்பெறும் முதற்கதை 1965இல் வெளிவந்த 171ஆம் பேட்மேன் இதழைத் தழுவியது. ஜோக்கரின் முதற்கதை 1952இல் வெளிவந்த 73ஆம் இதழைத் தழுவியது. கதைப்பொருளளவில் இது நேர்மையான வழிநூலே. படக்கதைக்கு இதனால் இழப்பு நேர்ந்ததாகவும் கூறவியலாது. பேட்மேன் இதழின் விற்பனை 1966இல் இதழொன்றுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் படிகளை எட்டியது. ஆயினும் தீவிர வாசகர்களில் பலர் இத்தொடரை வெறுத்தனர்.

இவ்வெறுப்பின் காரணத்தை அக்கால வாசகர் குழுக்களின் நிலையில் காணலாம். 1961இல் ஜெரி பெய்ல்ஸ் தொடங்கிய ‘ஆல்டர் ஈகோ’, 1964இல் பில்ஜோ வைட் தொடங்கிய ‘பேட்மேனியா’ முதலிய வாசகர் சிற்றிதழ்களின் வழியே, படக்கதை மதிக்கத்தக்க கலைவடிவம் என நிறுவ வளர்ந்த வாசகர்கள் முயன்றுகொண்டிருந்தனர். வெர்த்தாமின் குற்றச்சாட்டுக்கு ஆளான வடிவம் அது. அதனைப் படிப்போரும் இழிவாக எண்ணப்பட்டனர். அந்நிலையில் நாடே கூடிச் சிரித்தபோது, அச்சிரிப்பு தம்மை நோக்கியதாகவே அவர்கள் உணர்ந்தனர். அப்போது 14 வயதினராக இருந்த மைக்கேல் உஸ்லன், உலகம் பேட்மேனைப் பார்த்துச் சிரித்தது தம்மை வருத்தியதாகவும், அச்சிரிப்பைத் துடைக்க அன்றே உறுதிபூண்டதாகவும் 2011இல் வெளியிட்ட தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

தொடர் முடிந்தபின் படக்கதையே தன் மெய்ப்பாட்டை மாற்றிக்கொண்டது. டென்னிஸ் ஓநீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்து 1970 முதல் வெளிவந்த கதைகள் இருளையும் அச்சத்தையும் மீட்டன. ஃப்ராங்க் மில்லர் 1986இல் படைத்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ அப்போக்கின் உச்சமாயிற்று. 1939இன் முதல் அடுக்கிற்குத் திரும்புதல் என இம்மாற்றம் கூறப்பட்டபோதிலும், துப்பாக்கியை வெறுக்கும் மில்லரின் நாயகன் 1939இன் நாயகன் அல்லன். ‘திரும்புதல்’ என்பது உண்மையில் தெரிந்தெடுத்தலே.

கடிதங்களும் திரைப்படமும்: 1988–1989

உஸ்லன் 1979இல் பெஞ்சமின் மெல்நிக்கருடன் இணைந்து பேட்மேனின் திரைப்பட உரிமையைப் பெற்றார். படம் உருவாகப் பத்தாண்டுகள் ஆயின. 1988இல் டிம் பர்டன் இயக்கத்தில் மைக்கேல் கீட்டன் நடிப்பார் என அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்பு வெடித்தது. கீட்டன் நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்டவர். பர்டனின் முந்தைய படங்களும் அத்தகையனவே. வார்னர் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. தொடக்கத்தில் உஸ்லனே மனங்கலங்கினார். அனைவரையும் ஆட்கொண்டது 1966இன் சிரிப்பு மீண்டுவிடும் என்னும் அச்சமே.

அவ்வாண்டுச் செப்டம்பரில் நிகழ்ந்த மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. இரண்டாம் ராபின் இறப்பதா பிழைப்பதா என்பதைத் தொலைபேசி வாக்களிப்பின் வழியே முடிவுசெய்யும் பொறுப்பைப் பதிப்பகம் வாசகர்களிடம் ஒப்படைத்தது. இறக்க வேண்டும் என 5,343 அழைப்புகளும் பிழைக்க வேண்டும் என 5,271 அழைப்புகளும் வந்தன. 72 வாக்குகளில் ஒரு பாத்திரத்தின் உயிர் போயிற்று. வாசகர் நூலைப் பெறுவோர் மட்டுமல்லர், அதன் போக்கில் உரிமையுடையோர் என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்த காலம் அது.

1989 சூன் 23இல் வெளிவந்த திரைப்படம் படக்கதை மரபைப் பல இடங்களில் மீறியது. பெற்றோரைக் கொன்றவன் ஜோ சில் என்பது 1948 முதல் நிலைபெற்ற செய்தி. படத்தில் கொலையாளி ஜோக்கர். கொல்லாமை விதியையும் படத்தின் நாயகன் போற்றவில்லை. இவற்றைக் குறைகூறியோர் இருந்தனர். எனினும் படம் பெருவெற்றி பெற்றது. வாசகர்களில் பெரும்பாலோரும் ஏற்றனர். இருண்ட நகரமும், கீட்டனின் அடங்கிய நடிப்பும், நாயகன் எள்ளப்படவில்லை என்னும் நிறைவை அவர்களுக்கு அளித்தன. கதை மாறியது, வேண்டிய மெய்ப்பாடு நின்றது.

நேர்மாறான சான்று: 1997

1992இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ சிறுவருக்குப் பொருந்தாத இருள் மிக்கது எனப் பெற்றோர் முறையிட்டனர். நிறுவனம் இயக்குநரை மாற்றியது. ஜோயல் ஷூமேக்கர் இயக்கிய ‘பேட்மேன் ஃபாரெவர்’ (1995), ‘பேட்மேன் அண்ட் ராபின்’ (1997) ஆகியன ஒளியும் வண்ணமும் கேலியும் கலந்தவை. 1997ஆம் ஆண்டுப் படத்தை வாசகர்கள் மூலத் துரோகம் எனவே கருதினர்.

இதில் ஒரு பகுதி நியாயமானது. 1993இல் படக்கதையில் அறிமுகமான பேன் கூர்மதி படைத்தவன். படத்தில் பேச்சற்ற அடியாளாகக் குறுக்கப்பட்டான். ஆனால் மிஸ்டர் ஃப்ரீஸ் பாத்திரத்தின் நிலை வேறு. நோயுற்ற மனைவியைப் பனியில் உறையவைத்துக் காக்கும் கணவன் என்னும் அவலக் கதையைப் பால் டினி 1992இல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடருக்காக எழுதினார். வாசகர்கள் அதனைப் பெரிதும் போற்றினர். 1997ஆம் ஆண்டுப் படம் அக்கதையை அப்படியே ஏற்றது. ஆயினும் அழுகைக்குரிய அப்பாத்திரம் பனி பற்றிய சிலேடைகளை அடுக்கிப் பேசியதால், கதையின் நேர்மையை எவரும் பொருட்படுத்தவில்லை. 1989இல் கதை மாறியும் படம் ஏற்கப்பட்டது. 1997இல் கதை நின்ற இடத்திலும் மறுக்கப்பட்டது. மூலநேர்மை என வாசகர் கூறியது பெரும்பாலும் மெய்ப்பாட்டு நேர்மையையே என்பதற்கு இவ்விரு படங்களையும் ஒப்பிடுதலே போதிய சான்றாகும். ஷூமேக்கர் 2005இல், ஏமாற்றமடைந்த ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வெறுப்பிற்கு மற்றொரு முகமும் உண்டு. வெர்த்தாமின் காலம் முதல் தொடரும் ஒருபாலுறவுப் பொருள்கோளைப் பற்றிய அச்சம், கேலிநடையை வெறுத்தோரின் சொற்களில் ஊடாடியது. வில் ப்ரூக்கர் 2000இல் வெளியிட்ட ‘பேட்மேன் அன்மாஸ்க்ட்’ என்னும் ஆய்வுநூல், அப்பொருள்கோளையும் அதனை மறுக்க எழுந்த முயற்சிகளையும் விரிவாக ஆராய்கிறது. மானங்காக்க எழுந்த குரல் பிறரை இழிவுசெய்யும் குரலாகவும் மாறக்கூடும் என்பதை வரலாறு மறைக்கலாகாது.

பெருமிதத்தின் எல்லை: 2005–2021

கிறிஸ்டோபர் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005), ‘தி டார்க் நைட்’ (2008) ஆகியன, வாசகர்கள் நாற்பதாண்டுகளாகக் கோரிய மதிப்பை ஈட்டின. 2009இல் ஹீத் லெட்ஜருக்கு அவர் மறைவிற்குப் பின் ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. ஜோக்கராக அவர் தெரிவுசெய்யப்பட்டபோது அதனை எதிர்த்தோரும் வாசகர்களே.

பின்னர் பூசல் திசைமாறியது. ஜாக் ஸ்னைடரின் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ (2016) மில்லரின் படக்கதைக் காட்சிகளை உருவளவில் திரையில் வடித்தது. ஆனால் அதன் நாயகன் கொலைசெய்கிறான். ஒருசாரார் அதனை முதிர்ந்த படைப்பு எனப் போற்ற, மறுசாரார் இருளே பெருமிதமாகாது என்றனர். 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்திற்கு நகை கூட்டி நிறுவனம் வெளியிட்டபோது, ஸ்னைடரின் வடிவத்தைக் கோரி ரசிகர்கள் இயக்கம் நடத்தினர். தற்கொலைத் தடுப்புப் பணிக்காக 5 இலட்சம் டாலருக்கும் மேல் அவர்கள் திரட்டினர். அவர்களுள் சிலர் மாற்றுக் கருத்தினரைத் துன்புறுத்தவும் செய்தனர். நான்கு மணிநேர வடிவம் 2021 மார்ச்சில் வெளிவந்தது.

இதே காலத்தில் எள்ளப்பட்ட 1966ஆம் ஆண்டுத் தொடரும் மறுவாழ்வு பெற்றது. 2013இல் அதனைத் தழுவிய படக்கதை வெளிவந்தது. 2014இல் முழுத்தொடரும் குறுந்தகடாக வந்தது. 2017 சூனில் ஏடம் வெஸ்ட் மறைந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் நகரமன்றக் கட்டடத்தின்மீது வௌவால் குறியொளி பாய்ச்சப்பட்டது. திரண்டிருந்தோரில் எவரும் எள்ளுவதற்காக வந்தவரல்லர். தம் இளமையின் நகையை அவர்கள் நினைவுகூர்ந்தனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பல ஆசிரியரால் வளரும் படக்கதையில் முதல்நூல் என ஒன்றில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் படித்த அடுக்கையே முதல்நூலாகக் கொள்கிறது. வாசகர் பூசல்கள் கதைமாற்றத்தைவிட மெய்ப்பாட்டு மாற்றத்தையே மையமாகக் கொண்டவை. அவர்கள் அஞ்சியது நகையை அன்று, அதன் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகிய எள்ளலை மட்டுமே. வடிவம் மதிப்புப் பெற்றபின் இளமை நகை அச்சமின்றி ஏற்கப்பட்டது.

நேர்மை பற்றிய இத்தனை பூசலுக்கிடையில் முதலாசிரியர் ஒருவர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார். முதற்கதையை எழுதிய பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். பேட்மேனைப் படைத்தவருள் ஒருவராக அவர் பெயரையும் சேர்க்கப் பதிப்பகம் இசைந்தது 2015இல்தான். அதற்கும் அயராது உழைத்தோர் வாசகர்களும் ஆய்வாளர்களும் ஃபிங்கரின் குடும்பத்தாருமே. மூலநேர்மை என்னும் சொல்லுக்கு ஐயத்திற்கிடமின்றிப் பொருந்தும் செயல் அதுவே எனலாம்.