காணாமல் போன வேட்டிகள்

1997 தீபாவளிக்கு முந்தைய வாரம். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை. முன்னால் மூன்று பில்லிங் மேசைகள், மேசைக்கு ஒரு கணினி. உள்ளறையில் ஒரு சர்வர். நான்கையும் கோத்துக்கொண்டு சுவரோரமாக ஓடும் கறுப்பு கோஆக்சியல் கேபிள். அந்தக் கடைக்கான பில்லிங் புரோகிராமை எழுதியவர்கள் இருவர். இருப்புக் கணக்குப் பகுதி என்னுடையது.

தீபாவளி முடிந்து சரக்கை எண்ணியபோது கணினி காட்டிய இருப்பைவிட அலமாரியில் இருந்தது குறைவு. ஒரு ரக வேட்டியில் மட்டும் பதினேழு இல்லை. குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். இருபது வருடமாக அங்கே வேலை பார்த்தவர். அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை. கிளம்பும்போது என்னிடம், "மிஷினு பொய் சொல்லாதுன்னு மொதலாளி சொல்லுதாவ தம்பி. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். நானும் அப்போது மிஷின் பொய் சொல்லாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல கணினிகள் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்கு இரண்டு தனித்தனி வரலாறுகள் உண்டு. ஒன்று கேபிளின் வரலாறு. 1973 மே 22 அன்று கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். ஈதர்நெட் என்ற பெயர் அதில்தான் பிறந்தது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் வலை நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. ஹவாய்த் தீவுகளைப் பல்கலைக்கழகத்தோடு வானொலி அலையால் இணைத்த அலோஹா வலையிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் மேம்படுத்திய யோசனை எளிமையானது. எல்லோருக்கும் ஒரே கம்பி. பேசும் முன் காது கொடுத்துக் கேள். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து, மறுபடி பேசுங்கள்.

எங்கள் கடையில் ஓடியது அதன் மெலிந்த வாரிசு. ஒரு துண்டு 185 மீட்டர் வரை போகலாம். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். ஒரு டி-கனெக்டரை யாராவது காலால் இடறிவிட்டால் மொத்தக் கடையும் நின்றுவிடும். கூட்டும் அம்மா துடைப்பத்தோடு மேசைக்கு அடியில் குனிந்தாலே எனக்குப் பதறும்.

இன்னொன்று தரவுத்தளத்தின் வரலாறு. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே 'பகிரப்படும்' என்ற சொல் உண்டு. அட்டவணைகளாகத் தரவை வைப்பது பற்றித்தான் எல்லோரும் அந்தக் கட்டுரையைச் சொல்வார்கள். ஆனால் பகிர்வது என்றாலே வேறொரு சிக்கல் வந்துவிடுகிறது. ஒரே வரியை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தினால் என்ன ஆகும்? ஐபிஎம்மின் சான் ஹொசே ஆய்வகத்தில், சிஸ்டம் ஆர் திட்டத்தில், ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் எழுபதுகளில் பூட்டுகள் பற்றியும் பரிவர்த்தனைகள் பற்றியும் எழுதியவை இதற்கான பதில். ஒரு வேலை முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும். பாதியில் நிற்பதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. 1998இல் கிரேக்கு டூரிங் விருது கிடைத்தது.

இந்த ஞானம் பெரிய கணினிகளில் இருந்தது. எங்கள் மேசைக்கு வந்தது வேறு பரம்பரை. வெய்ன் ராட்லிஃப் தன் சொந்தக் கணினிக்காக எழுதத் தொடங்கியது டிபேஸ் ஆனது. அதன் வழியில் வந்தது ஃபாக்ஸ்ப்ரோ. 1992இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கடைகளில், மில்களில், வட்டிக்கடைகளில் ஃபாக்ஸ்ப்ரோ படித்தவனுக்கு வேலை நிச்சயம். ஆனால் அந்தப் பரம்பரையின் பிறப்பு ஒரு மேசை, ஒரு ஆள் என்பது. பிற்பாடு நாவெல் நெட்வேர் போன்றவை வந்து அந்தக் கோப்புகளைப் பல மேசைகளுக்குப் பொதுவாக்கின. சர்வர் என்று நாங்கள் சொன்ன பெட்டிக்குக் கோப்பு தெரியும், வேட்டி தெரியாது. ஒரு ரகத்தைத் தேட வேண்டுமென்றால் கோப்பின் பகுதிகள் கேபிள் வழியே மேசைக்கு வரும். தேடுவதும் கழிப்பதும் மேசைக் கணினியின் பொறுப்பு.

அங்கேதான் என் தப்பு. பில்லில் ஒரு ரகத்தைத் தட்டியதும் என் புரோகிராம் இருப்பைப் படித்து வைத்துக்கொள்ளும். பில் அச்சாகும்போது கழித்து எழுதும். இருப்பு 12 என்று வையுங்கள். முதல் மேசை 12 என்று படிக்கிறது. அது பில்லை முடிப்பதற்குள் மூன்றாவது மேசையும் 12 என்று படிக்கிறது. முதல் மேசை 11 என்று எழுதுகிறது. மூன்றாவது மேசையும் 11 என்றே எழுதுகிறது. கடையை விட்டுப் போனவை 2. கணக்கில் குறைந்தது 1. ஃபாக்ஸ்ப்ரோவில் பதிவைப் பூட்டும் கட்டளை இருந்தது, நானும் பூட்டினேன், எழுதும் கணத்தில் மட்டும். படித்த கணத்திலிருந்து பூட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய பிறகு மறுபடி படித்திருக்க வேண்டும். சாதாரண நாளில் இரண்டு மேசைகள் ஒரே ரகத்தைத் தொடுவது அபூர்வம். தீபாவளிக் கூட்டத்தில் அதுவே வழக்கம்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வது என்று அந்தக் கறுப்பு கேபிளுக்குத் தெரிந்திருந்தது. அதன் மேல் ஓடிய என் புரோகிராமுக்குத் தெரியவில்லை.

இது எனக்குப் புரிந்தது 1999இல். அதே கடையை எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பெரிய கணினிகளின் ஞானத்தைச் சின்னக் கணினிகளுக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. சைபேஸ், மைக்ரோசாஃப்ட், ஆஷ்டன்-டேட் மூன்றும் சேர்ந்து 1988இல் அறிவித்து, 1989இல் ஓஎஸ்/2 கணினிகளுக்காக வெளியிட்டவை. புதிய ஏற்பாட்டில் மேசைக் கணினி கோப்பைத் தொடுவதே இல்லை. சர்வரின் முகவரி, 1433 என்ற போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல். இவ்வளவு கொடுத்து இணைப்பு கேட்கிறது. கிடைத்ததும் கேள்வியை மட்டும் அனுப்புகிறது. பதில் மட்டும் திரும்பி வருகிறது. 'இருப்பில் ஒன்றைக் கழி' என்று சொல்கிறதே தவிர, 11 என்று எழுதச் சொல்வதில்லை. இரண்டு மேசைகள் ஒன்றாகச் சொன்னாலும் சர்வர் ஒன்றை நிறுத்தி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்கும். அந்த வரியை எழுதி முடித்த இரவு பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் காகிதத்தில் 12, 11, 11 என்று எழுதிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப சரியாயிட்டுல்லா? விடுங்க தம்பி" என்றார்.

பெரியவரைத் தேடிப் போனேன். பேட்டையில் மகள் வீட்டில் இருந்தார். அவரிடமும் அதே காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நாற்பது வருடம் பேரேடு பார்த்த கண்.

"ஒரே பேரேட்டுல ரெண்டு பேரு எழுதப்படாதுன்னு எங்க காலத்துலயே உண்டுல்லா? ஒருத்தன் எழுதி முடிச்சு பேனாவ வச்சப்பொறந்தான் அடுத்தவன் தொடணும். இத யாரும் ஒங்களுக்குச் சொல்லித் தரலையா?"

சொல்லித் தரவில்லை என்றேன். மகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி போடச் சொன்னார். காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.