பேராதனைப் பூங்காவும் கூர்ப்புக் கொள்கையும்

கூர்ப்புக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் லாமார்க், டார்வின், வாலேசு என்னும் பெயர் வரிசையோடு அமைந்துவிடுவது பெருவழக்கு. சிந்தனையைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டும் காணும் நோக்கின் விளைவே இதுவாகும். அச்சிந்தனைக்கான சான்றுகளைத் திரட்டித் தந்த சமூக உறவுகள் எவை என்று வினவின், விடையின் ஒரு பகுதி கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனையில் கிடைக்கின்றது.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமாயிற்று. ஆறே ஆண்டுகளில், 1821இல், அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. இவ்வண்மை தற்செயலானதன்று. பணப்பயிர்களைப் பரிசோதித்துப் பரப்புவது குடியேற்றப் பொருளாதாரத்தின் தேவையாயிருந்தது. தாவரங்களைச் சேகரித்து வகைப்படுத்தும் அறிவியலும் அத்தேவையின் நிழலிலேயே வளர்ந்தது.

1849இல் பூங்காவைப் பொறுப்பேற்ற துவைற்ஸ், இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது இலத்தீன் நூலை 1858 முதல் 1864 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் டார்வினோடு கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வெளிவந்தது. 1860 மார்ச் 3ஆந் தேதி ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், தமது கொள்கையை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்றோர் எனப் பதினைந்து அறிஞரை டார்வின் பட்டியலிட்டார். அவருள் தாவரவியலாளர் ஐவர். அந்த ஐவருள் ஒருவர் துவைற்ஸ். நூல் வெளிவந்து நான்கு மாதங்கள் நிறைவதற்குள் பேராதனையின் குரல் அவ்விவாதத்தில் இடம்பெற்றுவிட்டது.

எனினும் அப்பட்டியல் கூறாத பெயர்களும் உள. 1823இல் பூங்காவின் வரைஞராகச் சேர்ந்த ஹர்மானிஸ் த அல்விஸ் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாவரங்களை வரைந்தார். அவருடைய மைந்தரும் அப்பணியைத் தொடர்ந்தனர். துல்லியமான வரைபடமின்றி இனங்களை ஒப்பிடுதல் அரிது. உள்ளூர் உழைப்பு அறிவியலின் அடித்தளத்திலிருந்தும், அதன் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே ஒதுக்கப்பட்டது.

இயற்கையும் தன் பாடத்தை விரைவிலேயே உணர்த்திற்று. 1869இல் கோப்பி இலைகளைத் தாக்கிய பங்கசின் மாதிரிகளைத் துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்கிலி அதற்குப் பெயரிட்டார். காடழித்து, மலைதோறும் ஒரே பயிரை நட்ட இலாபவேட்கை அந்நோய்க்கு எல்லையற்ற உணவை அளித்தது. இருபது ஆண்டுகளுள் கோப்பித் தொழில் வீழ்ந்தது. மூலதனம் தேயிலைக்குத் தாவியது; தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர்க்கு அத்தகைய தாவல் எளிதாயிருக்கவில்லை.

டார்வினின் நூலைத் தம் கருத்துக்கு இயற்கை வரலாற்று அடிப்படையாக வரவேற்ற மார்க்ஸ், 1862இல் ஏங்கெல்சுக்கு எழுதுகையில், ஆங்கிலச் சமூகத்தின் போட்டியையே டார்வின் விலங்குலகிலும் காண்கிறார் என எள்ளலுடன் சுட்டினார். கொள்கையின் உண்மையை ஏற்பதும் அது பிறந்த சமூகத்தை விமரிசிப்பதும் முரணானவையல்ல என்பதற்கு இதுவே சான்று. ‘வலியது வாழும்’ எனக் கூறிச் சுரண்டலை இயற்கை நியதியாக்குவோர் கோப்பியின் கதையை நோக்குதல் வேண்டும்: அங்கு வீழ்ந்தது வலிமை குன்றிய மக்களன்று, வேற்றுமையை அழித்த உற்பத்திமுறையே. பூங்காவின் அயலில் 1952 முதல் இயங்கிவரும் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர், வரைஞரையும் தொழிலாளரையும் உள்ளடக்கி இவ்வரலாற்றை மீளவும் எழுதுதல் அவசியமாகும்.