ஒரு ‘மாட்டேன்’, ஒரு அப்பீல்

மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி, அடையாறு என்று டிராஃபிக்கில் நீந்திக் கரையேறினால் பெசன்ட் நகர் பீச். ரிடையர்டு அரசு அதிகாரி பி.வி.கோபாலன் நண்பர்களோடு வாக்கிங் போனது இங்கேதான். பேச்சு முழுக்க அரசியல். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் பேத்தி கூடவே நடந்து, காது கொடுத்துக் கேட்பாள். பேத்தி யாரென்று உங்களுக்கே தெரியும். கமலா ஹாரிஸ்.

2020இல் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்த கதையை விடுங்கள். அவர் வக்கீலாக இருந்த கதைதான் சுவாரஸ்யம்.

1990இல் கலிபோர்னியாவில் அரசு வக்கீல் ஆனவர், 2003இல் சான்பிரான்சிஸ்கோவின் தலைமை அரசு வக்கீலாக ஜெயித்தார். ஆமாம், அங்கே அந்தப் பதவிக்கும் ஓட்டுதான். ‘மரண தண்டனை கேட்க மாட்டேன்’ என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி.

2004 ஏப்ரலில் வந்தது சோதனை. ஐசக் எஸ்பினோசா என்கிற 29 வயது போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறுதிச் சடங்குகூட நடக்கவில்லை. ‘மரண தண்டனை கேட்கப் போவதில்லை’ என்று அறிவித்துவிட்டார் கமலா. போலீஸ் கொதித்தது. இறுதிச் சடங்கில் கமலாவை எதிரே வைத்துக்கொண்டே, இது மரண தண்டனைக்கு உரிய வழக்கு என்று பேசினார் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன். போலீஸார் எழுந்து நின்று கை தட்டினார்கள். கமலா அசையவில்லை. 2007இல் கொலையாளிக்குக் கிடைத்தது, பரோல் இல்லாத ஆயுள் சிறை.

கொள்கைக் குன்று என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

2010இல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் தேர்தல். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பித்து ஜெயித்தார். 2014இல் ஒரு ஃபெடரல் நீதிபதி, அந்த மாநிலத்தின் மரண தண்டனை முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். அதை எதிர்த்து அப்பீல் போனது யார்? சாட்சாத் கமலாவேதான்!

அவர் பக்கமும் நியாயம் உண்டு. 2004இல் முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டமே அவரிடம் கொடுத்திருந்தது. 2014இல் மாநில அரசுதான் அவருடைய கட்சிக்காரர். சரி. ஆனால், ஒரே பாலினத் திருமணத் தடைக்காக வாதாட முடியாது என்று இதே அட்டர்னி ஜெனரல் மறுத்திருக்கிறாரே? அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

2017 ஜனவரியில் அவர் செனட்டர் ஆனார். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். கலிபோர்னியாவின் இன்னொரு செனட்டர் அதே ஃபைன்ஸ்டைன்! 2018இல் அந்த அம்மாவே மனம் மாறி, மரண தண்டனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறை பெசன்ட் நகர் பீச்சில் நடக்கும்போது யோசித்துப் பாருங்கள். கோபாலன் தாத்தாவின் வாக்கிங் கோஷ்டி எந்தக் கமலாவுக்குக் கை தட்டியிருக்கும்? 2004க்கா, 2014க்கா?